இருவருக்கும் எச்.பி.வி. என்றால்: ஒரு தம்பதியின் நான்கு கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவிக்கு வயது 36. வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையில் அவருக்கு எச்.பி.வி. (பாலுறவில் பரவும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தொற்று இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. 16, 18 ஆகிய வகைகள் இல்லை. வேறு ஏதோ ஓர் உயர் ஆபத்து வகை என்று எழுதியிருக்கிறார்கள். செல் பரிசோதனை இயல்பாக உள்ளது. ‘உங்கள் கணவருக்கும் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது யாரிடமிருந்து வந்தது? நாங்கள் இருவரும் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருப்போமா? நான் எங்கே பரிசோதித்துக்கொள்வது? வீட்டில் எங்கள் மகளுக்கும் மகனுக்கும் பரவுமா?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையில் போகவில்லை. முதலில் உங்கள் மனைவியின் அறிக்கையைப் படித்துவிடுவோம். நான்கு கேள்விகளில் ஒன்றுகூட அவருடைய உடல்நிலையைப் பற்றியது அல்ல என்பதைக் கவனித்தீர்களா? குறையாகச் சொல்லவில்லை. இந்தச் செய்தியைக் கேட்ட பெரும்பாலான கணவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த நோயில் உண்மையாகக் கண்காணிக்கப்பட வேண்டிய இடம் அவருடைய கருப்பை வாய்தான்.

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 40 பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றக்கூடியவை. புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலானவற்றைத்தான் ‘உயர் ஆபத்து’ என்கிறார்கள். அவற்றுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். உங்கள் மனைவியிடம் அந்த இரண்டும் இல்லை. செல்களிலும் மாற்றம் தெரியவில்லை. ஆக, அந்த அறிக்கை சொல்வது இவ்வளவுதான்: வைரஸின் டி.என்.ஏ. அங்கே இருக்கிறது, அது இதுவரை கெடுதல் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. இத்தகைய முடிவுக்குப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்வது ஓராண்டு கழித்து மறுபரிசோதனை. அவருக்கு இப்போது மருந்து எதுவும் தேவையில்லை. தரவும் இயலாது, ஏனெனில் இந்த வைரஸை உடலிலிருந்து அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அந்த வேலையை உடலே செய்கிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விடுகின்றன. போகாமல் நிலைத்துவிடும் அந்தச் சிறு பகுதிதான் கவலைக்குரியது. அதுகூடப் புற்றுநோயாக மாறுவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. மறுபரிசோதனையைத் தவறவிடாதவருக்கு அது மிகத் தாராளமான அவகாசம்.

இனி, உங்கள் முதல் கேள்வி. யாரிடமிருந்து வந்தது?

தெரியாது. உங்கள் மனைவிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எந்த ஆய்வகமும் சொல்லாது. இது நழுவலான பதில் அல்ல. அந்தப் பரிசோதனை காட்டுவது ஒரே ஒரு விஷயத்தை: மாதிரி எடுத்த நாளில், மாதிரி எடுத்த இடத்தில், வைரஸ் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தது. அது எப்போது வந்தது என்பதற்கு அதில் எந்தத் தடயமும் இல்லை. சாம்பலைத் தொட்டுப் பார்த்து அடுப்பை எந்த ஆண்டு முதன்முதலில் பற்றவைத்தார்கள் என்று கேட்பது போன்றது இது. தோலின் அடி அடுக்கில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இந்த வைரஸ் பல ஆண்டுகள் தங்கியிருக்கலாம். அந்தக் காலம் முழுவதும் பரிசோதனை ‘இல்லை’ என்றே காட்டும். பிறகு வயது, கர்ப்பம், வேறொரு நோய், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஒரு மருந்து என ஏதோ ஒன்று சமநிலையைக் குலைக்கும்போது அது மறுபடி பெருகி ‘இருக்கிறது’ என்று காட்டலாம். காரணம் எதுவும் தென்படாமலும் இது நடக்கும். திருமணத்துக்கு முன் உங்களில் ஒருவருக்கு வந்த தொற்று 11 ஆண்டுகள் கழித்து அறிக்கையில் தலைகாட்டுவது மருத்துவத்தில் விந்தையே அல்ல. அதோடு, உங்கள் மனைவிக்கு இதற்கு முன் எச்.பி.வி. பரிசோதனை செய்ததுண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். பலருக்கு இதுவே முதல் தடவையாக இருக்கும். முதல் தடவை தேடும்போது கிடைப்பது அன்றைக்குத்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்த அறிக்கை துரோகத்துக்குச் சான்று அல்ல. விசுவாசத்துக்கு நற்சான்றும் அல்ல. ஒரு திருமணத்தின் வரலாறு அதில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கிடையில் வேறு காரணங்களால் சந்தேகம் இருந்தால் அதை அந்தக் காரணங்களோடு பேசுங்கள். ஆய்வகத் தாளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றுகிறது. ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்களுக்கும் வருகிறது, ஏனென்றால் அந்த ஒருவருக்கு அவருக்கு முன் ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம். 2023இல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் ஏதாவது ஒரு பிறப்புறுப்பு எச்.பி.வி. வகை இருக்கிறது, ஐந்தில் ஒருவரிடம் உயர் ஆபத்து வகை இருக்கிறது. இந்த அளவுக்குப் பரவலான ஒன்றை ஒழுக்கத்தின் அளவுகோலாகப் பிடிப்பது எப்படிப் பொருந்தும்?

இப்போது சுவையான பகுதிக்கு வருகிறேன். மாறி மாறித் தொற்றுமா?

இதைப் புரிந்துகொள்ள, இந்த வைரஸ் எவ்வளவு அமைதியான விருந்தாளி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தத்துக்குள் நுழைவதில்லை. தோலிலோ சளிச்சவ்விலோ உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடி அடுக்கின் செல்லை அடைகிறது. அந்தச் செல் வளர்ந்து, முதிர்ந்து, மேலே வந்து உதிர்வதற்கு மூன்று வாரங்கள் போல ஆகும். அந்த இயல்பான பயணத்திலேயே தொற்றிக்கொண்டு வைரஸும் மேலே வருகிறது. உதிரும் செல்லோடு வெளியேறுகிறது. செல்லைக் கொல்வதில்லை, வீக்கம் உண்டாக்குவதில்லை, காய்ச்சல் தருவதில்லை. எனவே உடலின் காவல் அமைப்புக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்பதே தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்தாலும் அரைமனதாகத்தான் செயல்படுகிறது. இயற்கையாகத் தொற்று ஏற்பட்ட பெண்களில் எல்லோருக்கும் எதிர்ப்புப் புரதம் உருவாவதில்லை. ஆண்களில் அது இன்னும் குறைவு. அம்மை ஒரு தடவை வந்தால் வாழ்நாள் பாதுகாப்பு என்று நமக்குப் பழகிய கணக்கு இங்கே செல்லாது.

இதை வைத்து, ‘அப்படியானால் அவர் எனக்குத் தர, நான் அவருக்குத் தர, இதற்கு முடிவே இல்லை’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அப்படி நடந்தால் நிலையான துணையோடு வாழும் பெண்களில் பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளில் மறைய முடியாது. அவர்களும் ஒவ்வொரு வாரமும் அதே துணையோடுதானே இருக்கிறார்கள்? ஒரு வகையை வென்ற உடல் அதே வகையை, அதே மனிதரிடமிருந்து, உடனே திரும்பப் பெறுவது பொதுவான போக்கு அல்ல. எதிர்ப்புப் புரதம் பலவீனமாக இருந்தாலும், தொற்றிய செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் செல்வழி எதிர்ப்பாற்றல் தன் வேலையைச் செய்கிறது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. நெதர்லாந்தில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு என் துறையில் பலரைச் சிந்திக்க வைத்தது. கருப்பை வாயில் செல் மாற்றம் ஏற்கனவே உள்ள பெண்களையும் அவர்களுடைய துணைவர்களையும் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் ஆணுறை பயன்படுத்தச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆணுறைக் குழுவில் 53 விழுக்காட்டுப் பெண்களுக்கு அந்த மாற்றம் பின்வாங்கியது. மற்றக் குழுவில் 35 விழுக்காடு. வைரஸ் மறைந்தவர்கள் 23 விழுக்காடு. மற்றக் குழுவில் 4 மட்டுமே. அதே தம்பதிகளில் ஆண்களின் குறியில் இருந்த தட்டையான, வெறுங்கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத புண்களும் ஆணுறைக் குழுவில் விரைவாக ஆறின. பிறகு தரவுகளை இன்னும் கூர்ந்து பார்த்தபோது தெரிந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது: ஆண்களுக்குக் கிடைத்த அந்த நன்மை, இருவரிடமும் ஒரே வகை இருந்த தம்பதிகளில்தான் காணப்பட்டது. வேறு வேறு வகை வைத்திருந்த தம்பதிகளில் ஆணுறை பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. இருவரும் ஒரே வகையை ஒரே காலத்தில் சுமக்கும்போது, புதிய புதிய இடங்களில் வைரஸ் மறுபடி விதைக்கப்படுவது குணமாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். முடிவற்ற சுழற்சி அல்ல, தாமதம். அதனால் செல் மாற்றம் கண்டறியப்பட்ட தம்பதிகளிடம் சில மாதங்கள் ஆணுறையை முயன்று பார்க்கலாம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. செல் பரிசோதனை இயல்பாக உள்ள உங்கள் நிலையில் அது விருப்பம் மட்டுமே, கட்டாயம் அல்ல. பயன்படுத்துவதென்றால், அது முழுக் கவசம் அல்ல என்பதையும் அறிந்திருங்கள். அது மூடாத தோல் வழியாகவும் வைரஸ் பரவும். புதிதாகப் பாலுறவு வாழ்க்கையைத் தொடங்கிய பல்கலைக்கழக மாணவியரிடம் அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணைவர் ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்த பெண்களுக்குப் புதிய தொற்று சுமார் 70 விழுக்காடு குறைவாக இருந்தது. நூறு அல்ல, எழுபது. நீண்ட காலமாகச் சேர்ந்து வாழும் உங்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, ஏனென்றால் பரிமாற்றம் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும்.

‘கணவருக்கும் இருக்கும்’ என்று சொன்னார்களே, அதைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். நெருங்கி வாழும் இருவரிடம் ஒரே வகை காணப்படுவது, தற்செயலாக நேரக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனாலும் எல்லாத் தம்பதிகளிடமும் அப்படி இல்லை. இருவருக்கும் எச்.பி.வி. இருக்கிறது என்று தெரிந்த தம்பதிகளில்கூட எல்லோருக்கும் வகை பொருந்துவதில்லை. உங்களுக்கு வந்து, ஓசைப்படாமல் போயும் இருக்கலாம். ஆண்களிடம் ஒரு தொற்று பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறைந்துவிடுகிறது. ஒரே வீடு, ஒரே படுக்கை என்றாலும், இந்த வைரஸ் உங்கள் இருவர் உடலிலும் தனித்தனிக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒருவருக்குப் போய்விட்டது என்பதால் மற்றவருக்கும் போகவேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு நீடித்தால் மற்றவர் அதற்குக் காரணம் என்பதும் இல்லை.

எனவே மூன்றாவது கேள்வி, நீங்கள் எங்கே பரிசோதித்துக்கொள்வது? எங்கேயும் வேண்டாம். ஆண்களின் பிறப்புறுப்பில் எச்.பி.வி.யைத் தேடுவதற்கு வழக்கமான மருத்துவ நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பரிசோதனை இல்லை. ஆராய்ச்சிக்காகச் செய்கிறார்கள், அதன் முடிவு உங்கள் சிகிச்சையில் ஒன்றையும் மாற்றாது. இருக்கிறது என்று வந்தால் தருவதற்கு மருந்து இல்லை. இல்லை என்று வந்தால் நம்புவதற்கு வழி இல்லை. துடைத்தெடுத்த இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி வைரஸ் இருக்கலாம். சில ஆய்வகங்கள் பணம் வாங்கிக்கொண்டு செய்து தரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் நடக்கும் சண்டைதான் அதன் ஒரே உறுதியான விளைவு என்பது என் அனுபவம்.

பரிசோதனை வேண்டாம் என்பதால் உங்கள் உடலைக் கவனிக்க வேண்டாம் என்று பொருள் அல்ல. பிறப்புறுப்பில், ஆசனவாயைச் சுற்றி, காலிபிளவர் போன்ற சிறு மருக்கள் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றில் பத்தில் ஒன்பது 6, 11 ஆகிய குறைந்த ஆபத்து வகைகளால் வருபவை. உங்கள் மனைவியிடம் கண்ட வகையோடு அவற்றுக்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆறாத புண், குறியின் தோலில் நிறமாற்றம், காரணமின்றித் தடிப்பு ஆகியவையும் காட்ட வேண்டியவை; குறிப் புற்றுநோய் அரிது, ஆனால் வெட்கத்தால் தாமதமாக வருபவர்களே அதில் அதிகம். ஆண்களுக்கு எச்.பி.வி. தரும் பெரிய தொல்லை இப்போது தொண்டையில்தான். உள்நாக்குச் சதையிலும் (டான்சில்) நாக்கின் அடிப்பகுதியிலும் 16ஆம் வகையால் வரும் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவருகிறது. கழுத்தில் வலியில்லாத கட்டியோ, விழுங்குவதில் சிரமமோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இது எல்லா ஆண்களுக்கும் சொல்வது. உங்கள் மனைவியின் அறிக்கையால் உங்களுக்கு மட்டும் புதிதாகச் சொல்வது அல்ல.

அப்படியானால் இவ்வளவு பொதுவான வைரஸ் ஏன் பெண்ணைக் குறிவைக்கிறது? கருப்பை வாயில் இரண்டு வகைச் செல் அடுக்குகள் சந்திக்கும் ஒரு வளையம் இருக்கிறது. பருவ வயதிலிருந்து அங்கே ஒரு வகைச் செல் மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். மாறிக்கொண்டிருக்கும் செல்லை வழிதவறச் செய்வது எளிது. அதனால்தான் அதே வைரஸ் குறியின் தடித்த தோலில் சில காலம் தங்கிவிட்டுப் போய்விடுகிறது. கருப்பை வாயில் அரிதாகவேனும் புற்றுநோயாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் மட்டும் சுமார் 6,60,000 பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 3,50,000 பேர் இறந்தார்கள். தம்பதியாகப் பகிர்ந்துகொண்ட வைரஸ்தான், சுமை மட்டும் சமமாகப் பகிரப்படவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒழுங்கான பரிசோதனை ஒரு தடவைகூடக் கிடைக்காதவர்கள் என்பதுதான் வேதனை.

ஆகவே கணவராக நீங்கள் செய்யக்கூடியது பரிசோதனை மேசையில் ஏறுவது அல்ல. ஓராண்டு கழித்து வரும் மறுபரிசோதனை நாளை நினைவில் வைத்திருப்பது முதல் வேலை. அப்போதும் வைரஸ் இருந்தால் கால்போஸ்கோபி என்ற உருப்பெருக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். லேசான மாற்றம் என்றால் பெரும்பாலும் தானே சரியாகும் என்று காத்திருப்பார்கள். தீவிரமானது என்றால் அந்தப் பகுதியை மட்டும் உறையவைத்தோ, மின்கம்பி வளையத்தால் சீவியோ அகற்றுவார்கள். அதன்பின் சில வாரங்கள் உறவு கூடாது. அதை அவர் கேட்காமலே நீங்கள் மதிக்க வேண்டும். இரண்டாவது வேலை, உங்கள் இருவரில் புகைப்பவர் யாராக இருந்தாலும் நிறுத்துவது. புகைப்பவரின் கருப்பைவாய்ச் சளியில் நிகோட்டின் தங்குகிறது. வைரஸ் போகாமல் நிலைப்பதற்கும் செல் மாற்றம் முற்றுவதற்கும் புகை துணைபோகிறது. வேறெந்தச் சத்து மாத்திரையையும் மூலிகைப் பொடியையும்விட இதற்குச் சான்று வலுவானது. எதிர்ப்பாற்றலைக் கூட்டி எச்.பி.வி.யை விரட்டுவதாக விற்கப்படும் புட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

படுக்கையறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் விடப்படுவது அதுதான். எச்.பி.வி. என்ற சொல்லைக் கேட்டபின் பெண்களுக்கு நாட்டம் குறைவது, தன் உடல்மீதே ஒருவித அருவருப்பு வருவது, தொட்டால் பரவிவிடுமோ என்று ஒதுங்குவது எல்லாம் மிகச் சாதாரணம். கணவர் ஒதுங்கினால் அது இரட்டிப்பாகிறது. உறவை நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வாய்வழி உறவு உட்பட, இதுவரை உங்களுக்குள் இருந்த எதையும் இந்த அறிக்கைக்காகக் கைவிட வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் ஒருவர் வைரஸை மற்றவர் எப்போதோ சந்தித்துவிட்டீர்கள். சில பெண்கள் இந்த முடிவைக் கணவரிடம் சொல்லவே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குச் சில வீடுகளில் தக்க காரணமும் இருக்கிறது. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: கணவருக்குத் தர சிகிச்சை எதுவும் இல்லாததால், சொல்லாமல் இருப்பதால் அவருடைய மருத்துவம் ஒன்றும் தடைபடாது. சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. உங்கள் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதை அந்த மதிப்போடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பதி என்றால் ஆணும் பெண்ணும் மட்டும் அல்ல என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழும் இணைகளிடம் ‘உங்களுக்குப் பரிசோதனை தேவையில்லை’ என்று சொல்லும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. தோலும் விரலும் போதும் இந்த வைரஸுக்கு. அவர்களுக்கும் அதே கால அட்டவணைதான். ஆண் இணைகளில் ஆசனவாய்ப் புற்றுநோயின் ஆபத்து கூடுதல், எச்.ஐ.வி. உடன் இருந்தால் இன்னும் கூடுதல். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஆறு மடங்கு. அதனால்தான் பொதுவாக 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை என்று பரிந்துரைக்கும் உலகச் சுகாதார நிறுவனம், அவர்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவை என்கிறது.

வேறு வைரஸ்களில் கணக்கு மாறும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் கேள்விப்பட்டவற்றை எல்லாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். பிறப்புறுப்பில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் இருவருக்கும் ஒரே வகையாக இருந்தால் அது மறுபடி மறுபடி தொற்றுவது அரிது. ஆனால் நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுதும் தங்கும், ஒருவருக்கு அடிக்கடி கொப்புளம் வரும், மற்றவருக்கு வராமலே போகலாம். அங்கே உண்மையான ஆபத்து, கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லாமல், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவருக்கு முதன்முதலாகத் தொற்றுவதுதான். குழந்தைக்கு அது உயிர் ஆபத்து. ஏற்கனவே இருவருக்கும் இருந்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. எச்.ஐ.வி. இருவருக்கும் இருந்தால், ஒருவரிடமிருந்து மருந்துக்குக் கட்டுப்படாத வேறொரு வடிவம் மற்றவருக்கு வரக்கூடும் என்பதே பழைய கவலை; இருவரும் மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக அது பரவுவதில்லை.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் எச்.பி.வி. அதற்குத் தடை அல்ல. அதற்காக மட்டும் அறுவைப் பிரசவம் தேவையில்லை. பிறக்கும் குழந்தையின் குரல்வளையில் மரு வளர்வது உண்டு, மிக மிக அரிது. அதுவும் 6, 11 வகைகளால். கருப்பை வாயின் ஒரு பகுதியைச் சீவி அகற்றியிருந்தால் குறைமாதப் பிரசவத்தின் வாய்ப்பு சற்றுக் கூடும்; அதை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தடுப்பூசியை இப்போது நீங்கள் இருவரும் போட்டுக்கொண்டால் இருக்கும் தொற்று போகுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். போகாது. 2006இல் முதல் எச்.பி.வி. தடுப்பூசி வந்தது முதலே தெளிவாகத் தெரிந்தது இது: இன்னும் சந்திக்காத வகைகளைத் தடுக்கும், உள்ளே வந்துவிட்டதை விரட்டாது. பல நாடுகளில் 45 வயதுவரை போட்டுக்கொள்ள அனுமதி இருக்கிறது. மறுமணம், புதிய உறவு போன்ற சூழலில் இருப்பவருக்கு அது பயன் தரலாம். இருவர் மட்டுமாக நீண்டகாலம் வாழ்பவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு சிறிது. போட்டுக்கொள்வதில் தீங்கில்லை, அவசரமும் இல்லை.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒரே கழிப்பறை, ஒரே துண்டு, ஒன்றாகச் சாப்பிடுவது, கட்டிக்கொண்டு தூங்குவது ஆகியவற்றால் இந்தப் பிறப்புறுப்பு வகைகள் பிள்ளைகளுக்குப் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தனித் தட்டு, தனிச் சோப்பு, கிருமிநாசினி எதுவும் வேண்டாம். குழந்தைகளின் விரலிலும் பாதத்திலும் வரும் சாதாரண மருவும் எச்.பி.வி. குடும்பம்தான், ஆனால் வேறு வகைகள். அதைப் பார்த்து வீட்டில் யாரும் பதற வேண்டாம். மகளுக்கும் மகனுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது தடுப்பூசிதான். 9 வயதிலிருந்து போடலாம். 9 முதல் 14 வயதுக்குள் போடும்போது எதிர்ப்பு மிக நன்றாக உருவாகிறது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை எளிதாக்கி, 20 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஒன்றோ இரண்டோ டோஸ் போதும் என்றது. 21க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இயன்றால் மூன்று. மகனுக்கும் எத்தனை என்பதைக் குழந்தைகள் நல மருத்துவர் உங்கள் நாட்டின் அட்டவணையைப் பார்த்துச் சொல்வார். மகளுக்குப் போடப் போகும் அன்றே இவனைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.